பாலியல் குற்றவாளிகள் பட்டியலை நாம் ஏன் பார்க்க முடியாது?

கேள்வி (கராத்தே வகுப்பு நடத்துபவர்):
மாலை வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள். புதிதாக ஒரு பயிற்சியாளரைச் சேர்க்க வேண்டும். பாலியல் குற்றவாளிகளின் தேசியப் பட்டியல் 2018 செப்டம்பரிலிருந்தே நம் நாட்டில் இருக்கிறதாம், ஆனால் போலீஸ் மட்டும்தான் பார்க்க முடியுமாம். அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடலாம். பிள்ளைகளை நம்பி அனுப்புகிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? தண்டனையைக் கூட்டி, பட்டியலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டால் என்ன?

பதில் 1:
முழுக்க உங்கள் பக்கம் அக்கா. எனக்கும் ஆறு வயதில் மகள் இருக்கிறாள். 2019 திருத்தத்துக்குப் பிறகு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் 16 வயதுக்குக் கீழான குழந்தையைப் பலாத்காரம் செய்தவனுக்குக் குறைந்தது 20 ஆண்டு. கொடிய வகைக் குற்றமென்றால் தூக்கு வரை போகலாம். அவ்வளவு தண்டனை பெற்றவனின் பெயரை மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

பதில் 2 (போக்சோ வழக்குகளில் குழந்தைகளுக்குத் துணை நபர்):
உங்கள் இருவரின் பயமும் நியாயமானது. நானும் பல வருடங்கள் அப்படித்தான் நினைத்தேன். ஒரு வழக்கு என் எண்ணத்தை மாற்றியது.

பதினோரு வயதுப் பெண். செய்தவன் அவளுடைய சித்தப்பா. அவளை முதலில் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனதே அப்பத்தாதான். ஆனால் குறைந்தது 20 ஆண்டு என்று யாரோ சொன்ன நாளிலிருந்து அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டார். “அவன் உள்ளேயே செத்துப்போவான்மா” என்று என்னிடம் அழுதார். இரண்டு மாதத்தில் வீட்டார் எல்லோருமே மனம் மாறிவிட்டார்கள். நீதிமன்றத்தில் அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, “அப்படி எதுவும் நடக்கவில்லை” என்றாள். பிறழ் சாட்சி. அவன் விடுதலையாகிவிட்டான். அந்தப் பட்டியலில் தண்டிக்கப்பட்டவர்கள் மட்டும்தான் இருப்பார்கள், அதனால் அவன் பெயர் ஏறவே ஏறாது. நீங்கள் தேடினாலும் கிடைக்காது.

போக்சோ பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குழந்தைக்குத் தெரிந்தவர்களே செய்தது என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வருடா வருடம் சொல்கிறது. சரி, அந்தச் சித்தப்பாவுக்குத் தண்டனை கிடைத்து, பெயரும் முகவரியும் வெளியே வந்தது என்று வையுங்கள். அந்தப் பெண் யாரென்று தெரு முழுக்கத் தெரிந்துவிடாதா? பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளம் வெளிவரக் கூடாது என்று போக்சோ 23ஆம் பிரிவு சொல்வதே அவளுக்காகத்தான்.

அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகளைப் பதிவு செய்ய 1994இல் வந்த சட்டத்துக்கு, கடத்தப்பட்ட 11 வயது ஜேக்கப் வெட்டர்லிங்கின் பெயர். அதற்காகப் போராடிய அவனுடைய அம்மாவே பிற்பாடு, பட்டியல் எங்கெங்கோ விரிந்துவிட்டது, சிறுவர்களைக்கூட அதில் சேர்க்கிறார்கள் என்று வருத்தப்பட்டார். மகனைப் பறிகொடுத்த தாய் சொன்னதால் அந்தப் பேச்சு எனக்கு முக்கியம்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. விசாரணையை முடிந்தவரை ஒரு வருடத்தில் முடிக்க வேண்டும் என்று போக்சோ 35ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அது நடந்தால் பாதிப் பிள்ளைகளாவது சொன்ன சொல்லில் நிற்பார்கள். காத்திருக்கும் வருடங்களில்தான் வீட்டார் அவர்களைக் கரைக்கிறார்கள்.

உங்கள் வகுப்புக்கு வருகிறேன். போக்சோ விதிகள் 2020இன்படி, பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் ஊழியர்கள் எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்ய வேண்டும், அதுவும் குறிப்பிட்ட கால இடைவெளியில் திரும்பத் திரும்ப. நிலுவையில் இருக்கும் வழக்கும் அதில் தெரிய வாய்ப்புண்டு, பட்டியலில் அது வராது. அப்புறம், தனியறையில் ஒரு பிள்ளையோடு ஒருவர் மட்டும் இருக்கும் நிலையே வராமல் பாருங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

பதில் 1 எழுதியவர்:
பெயர் வெளியானால் குழந்தையையும் காட்டிக்கொடுக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆனாலும் வெளியார் செய்த குற்றமென்றால் பட்டியலைத் திறக்கத்தான் வேண்டும் என்பேன்.

கேட்டவர்:
நன்றி மேடம். புதியவருக்கு மட்டும் சரிபார்ப்பு கேட்கலாம் என்றிருந்தேன். ஏற்கெனவே இருக்கும் இரண்டு பயிற்சியாளர்களுக்கும் சேர்த்தே விண்ணப்பிக்கிறேன். அதில் ஒருவன் என் சொந்தத் தம்பி. இன்றிரவே அவனிடம் சொல்லிவிடுகிறேன்.