குழந்தைகள் கார்ட்டூனை உட்கார்ந்து அலசுவது வெட்டி வேலையா?

மெரிபேங்க்_வாசகி:

வணக்கம். இங்கே தென்னாப்பிரிக்காவில் எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் இருபது நிமிடம் பேச வேண்டும். சிறுகதையை அலசுவதுபோல, ஒரு நாய்க் குடும்பத்தைப் பற்றிய ஆஸ்திரேலியக் கார்ட்டூனான ‘ப்ளூயி’யின் ஏழு நிமிட எபிசோட் ஒன்றை அலசலாம் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். வட்டத்தில் பாதிப் பேருக்கு இது பிடிக்கவில்லை. “பிள்ளைகளைச் சோறு தின்ன வைக்கப் போடுகிற படத்துக்குத் திறனாய்வு எதுக்கம்மா?” என்கிறார் பெரியவர் ஒருவர்.

இதற்கு அந்தத் தகுதி உண்டா? உண்டென்றால், வெறும் கதைச் சுருக்கமாகவோ, “அந்தக் குட்டி நாய் உண்மையில் செத்துப்போன நாய்” என்கிற யூடியூப் தியரியாகவோ போய்விடாமல் எப்படிச் செய்வது? கேட்பவர்கள் கதை, கவிதை நன்றாகப் படித்தவர்கள். அனிமேஷன் தெரியாது. சின்ன வயதில் ‘ஹெய்டி’ என்ற ஜப்பானியக் கார்ட்டூனை ஆஃப்ரிகான்ஸ் மொழியில் பார்த்தவர்கள் சிலர் உண்டு.


கோடும்_கட்டமும் (கேப்டவுன்):

அக்கா, தகுதி உண்டா இல்லையா என்பதில் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகவேண்டாம். ஜோஹன்னஸ்பர்க் வில்லியம் கென்ட்ரிட்ஜ் கரித்துண்டால் வரைந்து, அழித்து, அதே தாளில் மறுபடி வரைந்து, மாற்றம் ஒவ்வொன்றையும் படமெடுத்து 1989 முதல் குறும்படம் செய்கிறார். அருங்காட்சியகங்கள் அதைக் காட்டுகின்றன, யாரும் சிரிப்பதில்லை. எங்கள் ஊர் ட்ரிக்கர்ஃபிஷ் ஸ்டுடியோவில் அனிமேஷன் செய்த ‘ரிவோல்ட்டிங் ரைம்ஸ்’ 2018-இல் ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலுக்குப் போனது. அதன் வெளிச்சத்தைப் பற்றி, அதன் வெட்டுகளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் ஒரு பத்தி எழுதினோம்? சோவியத் திரைப்பட இயக்குநர் ஐசன்ஸ்டீனே 1940-களில் டிஸ்னி பற்றி உட்கார்ந்து குறிப்பெழுதியிருக்கிறார். இவ்வளவு சொன்னால் பெரியவருக்குப் போதும்.

இனி வேலை. எபிசோடை முதலில் நிறுத்தாமல் பாருங்கள். அடுத்து சத்தத்தை அணைத்துவிட்டு. மூன்றாவது தடவை திரையை மூடிவிட்டுக் காதால் மட்டும். மூன்றும் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனால் பாதிப் பேச்சு இதிலேயே கிடைத்துவிடும். சத்தம் இல்லாமலும் கதை விளங்கினால் வரைந்தவர்கள் உழைத்திருக்கிறார்கள். கண்ணை மூடியும் எல்லாம் விளங்கினால், பக்ஸ் பன்னி படங்களை இயக்கிய சக் ஜோன்ஸ் தொலைக்காட்சி கார்ட்டூன்களைக் கிண்டலடித்த மாதிரி அது ‘படம் போட்ட வானொலி’.

பிறகுதான் ஷாட் பட்டியல். ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவே ஓடும் துண்டுதான் ஷாட். ஷாட் எண், தொடங்கும் நேரம், நீளம், தூரமா நெருக்கமா, கேமரா நகர்கிறதா, யார் பேசுகிறார்கள், என்ன சத்தம், முன்பு வந்த படமே திரும்ப வருகிறதா என்று கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஏழு நிமிடம் என்றால் 420 விநாடி. சராசரி நான்கு விநாடி ஷாட் என்றாலே 105 வரி வரும், மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். விஎல்சி பிளேயரில் ‘ஈ’ (E) விசையைத் தட்டினால் ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது ஒவ்வொரு நிலைப்படமாக நகரும். பட்டியல் முடிந்ததும் எது மிக நீளமான ஷாட் என்று பாருங்கள். அங்கே ஏன் வெட்டவில்லை என்ற ஒரு கேள்வியை வைத்தே ஐந்து நிமிடம் பேசலாம்.

பலரும் வழுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. “விநாடிக்கு 24 ஃப்ரேம், இரண்டுக்கு ஒரு படம் மாறினால் 12 ஓவியம், மூன்றுக்கு ஒன்று என்றால் 8” என்று எங்கோ படித்துவிட்டு ப்ளூயியிலும் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கணக்கு கையால் வரைந்த படத்துக்கு. ப்ளூயி செல்ஆக்ஷன் மென்பொருளில் செய்தது. உடம்பு, கை, காது, வால் எல்லாம் தனித்தனித் துண்டுகள், பொம்மலாட்டம் மாதிரி நகர்த்துகிறார்கள். அங்கே ஓவியத்தை எண்ணிப் பயனில்லை. இருக்கிற துண்டுகளை விட்டுவிட்டு எந்த இடத்துக்காகப் புதிதாக ஒரு முகமோ கையோ வரைந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். கூடுதல் உழைப்பு எங்கே போயிருக்கிறதோ, இயக்குநர் அங்கேதான் அழுத்துகிறார்.

பிரிட்டிஷ் பன்றிக்குட்டிக் கார்ட்டூன் ‘பெப்பா பிக்’கும் இதே மென்பொருள்தான். இரண்டிலும் ஒரு நிமிடத்தை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் அனிமேஷன் தெரியாதவர்களுக்கும் சட்டென்று பிடிபடும். பெப்பாவில் எல்லாம் தட்டை. கேமரா பக்கவாட்டில் நிற்கும், மூக்கு ஒரு பக்கம், கண் இரண்டும் அதே பக்கம். ப்ளூயியில் முன்னால் நாற்காலிக் கால், பின்னால் கூடம், அதற்கும் பின்னால் ஜன்னல் வெயில். பிள்ளையின் கண்மட்டத்துக்குக் கேமரா இறங்கும். கருவி ஒன்று, கண் வேறு.

எபிசோட் தேர்வுக்கு என் யோசனை ‘ஸ்லீப்பிடைம்’. வசனம் மிகக் குறைவு. ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட்டின் ‘ஜூபிட்டர்’ இசையைக் கொண்டு கட்டியது. ஆனால் “ஹோல்ஸ்ட் இருக்கிறார், ஆகவே உயர்ந்த கலை” என்று மட்டும் பேசிவிடாதீர்கள். அந்த மெட்டு எந்த ஷாட்டில் முழுசாக வருகிறது, அதுவரை எப்படித் துண்டு துண்டாக வருகிறது என்று காட்டுங்கள்.


உம்கேனி_கரை:

எல்லாவற்றுக்கும் தகுதி இல்லை என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே. வளர்ந்த ரசிகர்கள் சின்ன வயதில் பார்த்ததையெல்லாம் காவியம் ஆக்குகிறார்கள். பாசத்துக்குத் திறனாய்வு வேஷம் போட்டுவிடுகிறார்கள்.

‘ஹீ-மேன்’ 1983. மேட்டெல் பொம்மை முதலில், தொடர் பிறகு. முதல் சுற்று 65 எபிசோட். ஏன் 65? வாரத்துக்கு ஐந்து நாள், பதின்மூன்று வாரம். அமெரிக்க உள்ளூர் நிலையங்களுக்குத் தினசரி விற்பனை செய்ய அந்த எண்ணிக்கை தேவைப்பட்டது. வாளைத் தூக்கி உருமாறுகிற காட்சி எபிசோடுக்கு எபிசோட் அதே படச்சுருள்தான், நடை ஓட்டமும் அப்படியே. இதைப் பற்றி எழுதலாம், ஆனால் எழுத வேண்டியது வியாபாரத்தைப் பற்றி. “உருமாற்றம் என்பது ஆழ்மனச் சடங்கு” என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

யோகி கரடி கழுத்தில் காலரும் டையும் ஏன்? அலுவலக மனிதனைப் பகடி செய்வதாக ஒருவர் எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். காரணம் வேறு. 1957-இல் ஹாலிவுட் நிறுவனம் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவை மூடியதும், யோகியை உருவாக்கிய ஹன்னாவும் பார்பெராவும் அங்கிருந்து தொலைக்காட்சிக்குப் போனார்கள். பணம் சொற்பம். உடம்பு ஒரு தாளில் அசையாமல் இருக்கும், தலை மட்டும் வேறு தாளில் பேசும். இரண்டும் சேரும் கோட்டைக் காலர் மறைத்துவிடும். ‘இது குறியீடு’ என்று எழுதுமுன் ‘இது மிச்சம் பிடித்ததா’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். யூடியூப் தியரிகளில் முக்கால்வாசி இந்தக் கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

இன்னொன்று, ‘ஆசிரியர்’ யார் என்பது. அமெரிக்கத் தொடர்கள் பலவற்றில் எழுத்தும் ஸ்டோரிபோர்டும் (காட்சிகளின் முன்வரைவு) அங்கே, வரைவது கொரியாவில். ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ அப்படித்தான் வந்தது. ஒரு அசைவைப் புகழ்ந்துவிட்டு அந்தப் புகழை அமெரிக்கப் படைப்பாளி கணக்கில் எழுதினால் அது தப்புக் கணக்கு. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்திப் படியுங்கள், ஸ்டோரிபோர்டு யார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.


கோடும்_கட்டமும் (கேப்டவுன்):

உம்கேனி அண்ணே, காலர் விஷயம் சரி. ஆனால் சிக்கனத்தால் வந்தது என்பதாலேயே அர்த்தம் இல்லாமல் போகாது. தளை இருப்பதால்தான் வெண்பாவில் சில சொற்கள் அந்த இடத்தில் வந்து உட்காருகின்றன. அதற்காக அந்தச் சொல்லை நாம் அலசாமல் விடுகிறோமா? அக்காவின் வட்டத்தில் இதைச் சொன்னால் உடனே விளங்கும். கட்டாயம் என்ன என்று முதலில் சொல்லிவிட்டு, அதற்குள் என்ன செய்தார்கள் என்று பேச வேண்டும், அவ்வளவுதான்.

வசனமே இல்லாத ‘ஜங்கிள் பீட்’ நல்ல உதாரணம். நம் பக்கத்துத் தொடர், ப்ரெண்ட் டாஸ் உருவாக்கியது, எபிசோட் சுமார் ஐந்து நிமிடம். வசனம் இல்லை என்றால் டப்பிங் செலவு இல்லை, எந்த நாட்டுக்கும் விற்கலாம். இது வியாபாரம். அதே காரணத்தால் ஒவ்வொரு நகைச்சுவையும் உடலசைவிலும் நேரக்கணக்கிலும்தான் நின்றாக வேண்டும். இது கலை. இரண்டையும் பிரிக்க முடியாது.


ஃபீனிக்ஸ்_மழலை:

மூவரும் பிள்ளையை மறந்துவிட்டீர்கள். பார்ப்பது யார் என்று கேட்காமல் குழந்தைகள் படத்தை அலசினால் பலமும் பலவீனமும் இடம் மாறிவிடும்.

பிள்ளைகளிடம் கேள்வி கேட்கும் அமெரிக்கத் தொடர் ‘ப்ளூஸ் க்ளூஸ்’ 1996-இல் வந்தபோது ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் போட்டார்கள். முதல் நாள் பிள்ளை விடை தேடும், ஐந்தாம் நாள் கேள்வி முடியுமுன்னே கத்தும். அதுதான் திட்டம். கேள்வி கேட்டபின் திரையில் இருப்பவர் சும்மா நிற்கும் அந்த இடைவெளியும் திட்டமிட்டது. டோராவும் அதைத்தான் எடுத்துக்கொண்டாள். பெரியவர்களுக்கு அது செத்த நேரம், “இழுக்கிறது” என்பார்கள். ஷாட் பட்டியல் போடும்போது இந்த மௌனங்களையும் விநாடிக் கணக்கில் எழுதுங்கள். பதில் சொல்லும் பிள்ளை அந்த ஷாட்டில் ஒரு பாத்திரம்.

நாடு மாறினால் அர்த்தமும் மாறும். பெப்பா பிக்கில் சிலந்தி கடிக்காது, பயப்படாதே என்று சொல்லும் எபிசோட் ஒன்று. பிரிட்டனில் அது அச்சம் போக்கும் கதை. விஷச் சிலந்திகள் உள்ள ஆஸ்திரேலியாவில் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி அதை ஒளிபரப்பிலிருந்து எடுத்தது. நம்மிடமும் விஷமுள்ள பட்டன் சிலந்தி இருக்கிறது. இது கூட்டத்தில் எடுபடும்.

வேகமான கார்ட்டூன் பற்றிக் கண்டிப்பாக யாராவது கை தூக்குவார்கள், தயாராகப் போங்கள். 2011-இல் ‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் வந்த ஆய்வு. நான்கு வயதுப் பிள்ளைகள் 60 பேர், ஒன்பது நிமிடம். ஒரு குழு ‘ஸ்பாஞ்ச்பாப்’ பார்த்தது, அதில் சராசரி 11 விநாடிக்கு ஒருமுறை காட்சி மாறும். இன்னொரு குழு பார்த்த ‘கையு’வில் 34 விநாடி. மூன்றாவது குழு படம் வரைந்தது. உடனே வைத்த சோதனையில் ஸ்பாஞ்ச்பாப் குழு பின்தங்கியது. அது பார்த்து முடித்த கையோடு எடுத்த அளவு. “கார்ட்டூன் மூளையைக் கெடுக்கும்” என்று அதிலிருந்து சொல்ல முடியாது. வேகத்தோடு நடக்கவே முடியாத கற்பனையும் அதில் கலந்திருந்தது, எது காரணம் என்று பிரித்தெடுக்க முடியாது.


மெரிபேங்க்_வாசகி:

எல்லோருக்கும் நன்றி. ஸ்லீப்பிடைம்தான். பெரியவர்களுக்காக ஹெய்டியிலிருந்தும் இரண்டு நிமிடம் சேர்க்கலாமா? பழைய ஒளிபரப்பிலிருந்து பதிவான ஆஃப்ரிகான்ஸ் பிரதி ஒன்று கைவசம் இருக்கிறது. அதன் இசையையும் வேகத்தையும் பற்றிப் பேசினால் சரியாக இருக்குமா?


உம்கேனி_கரை:

பேசலாம் தங்கச்சி, ஆனால் அந்தப் பிரதியை வைத்து இசையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள், ஒலித்தடம் யாருடையது என்று தெரியும்வரை. 1974 ஜப்பானிய மூலத்துக்கு இசை தாகேயோ வாதனாபே. ஜெர்மன் வடிவத்தில் தலைப்புப் பாட்டு கிறிஸ்டியன் ப்ரூன், பின்னணி கெர்ட் வில்டன். ஒரே படம், மூன்று பேர் இசை. மூலத்தின் முதல் எபிசோடைப் பக்கத்தில் ஓடவிட்டு ஒப்பிடுங்கள், ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வட்டத்தில் உள்ளவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1986-க்குப் பிறகு டப் செய்த தொடர்களின் மூல ஒலியை ‘ரேடியோ 2000’ என்ற வானொலியில் அதே நேரத்தில் போட்டார்களே, படமும் ஒலியும் வேறு வேறு என்பதை அந்தத் தலைமுறை வீட்டிலேயே பார்த்தது.

ஹெய்டியில் பேச வேண்டியது இடம். தகாஹாதா இயக்கம், லேஅவுட் (ஒவ்வொரு ஷாட்டின் காட்சியமைப்பு) மியாசாகி, 52 எபிசோட். வேலை தொடங்குமுன் குழு சுவிட்சர்லாந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தது. மலைச்சரிவு, குடிசை, கொட்டில் எது எங்கே என்பது எபிசோட் மாறினாலும் குழம்பாது. இரண்டு எபிசோடிலிருந்து குடிசையின் வெளிப்புறத்தை எடுத்து ஒரு தாளில் வரைபடம் போட்டுப் பாருங்கள், பொருந்தும்.


கோடும்_கட்டமும் (கேப்டவுன்):

வேகத்துக்கும் அதே எச்சரிக்கைதான். நம் தொலைக்காட்சி ஒளிபரப்பு ‘பால்’ (PAL) என்ற முறை, விநாடிக்கு 25 ஃப்ரேம். 24-இல் எடுத்த படத்தை அப்படியே 25-இல் ஓட்டினால் நான்கு சதவீதம் வேகம் கூடும். ஏழு நிமிடத்தில் 10,080 ஃப்ரேம், அது 6 நிமிடம் 43 விநாடியில் முடிந்துவிடும். ஒலியைத் திருத்தாமல் விட்டிருந்தால் சுருதியும் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். அமெரிக்க டிவிடியிலிருந்து மாற்றிய பிரதி என்றால் இன்னும் மோசம், ஃப்ரேம் ஃப்ரேமாகப் போனால் இரண்டு படம் ஒன்றின்மேல் ஒன்றாக நிழலாடும். அதைப் பார்த்து “அசைவு மங்கல் உத்தி” என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள்! பழைய டிவி வடிவமான 4:3 படத்தை அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டிய பிரதியும் வேண்டாம், ஃப்ரேமுக்குள் தலை எங்கே இருக்கிறது என்ற பேச்சே பொய்யாகிவிடும்.

ஸ்டில்களை எட்டோடு நிறுத்துங்கள், இருபது நிமிடத்துக்கு அதுவே தாராளம். நம் நாட்டின் 1978-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம் திறனாய்வுக்காக நியாயமான அளவு எடுத்தாள இடம் தருகிறது, மூலத்தையும் படைத்தவர் பெயரையும் சொல்ல வேண்டும். முழு எபிசோடையும் கூட்டத்தில் திரையிடுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி தேவைப்படும். வருகிறவர்களை வீட்டிலேயே பார்த்துவிட்டு வரச் சொல்லிவிடுங்கள்.