கேனோபியின் பின் கொக்கி பிடிக்கவில்லை, சனிக்கிழமைக்குள் சரிசெய்ய வேண்டும்

வடக்குவானம் | புதன், இரவு 9:42

வணக்கம். என் விமானத்தின் கேனோபியை (விமானி இருக்கைக்கு மேல் உள்ள ஒளிபுகும் மூடியை) மூடிக் கைப்பிடியைத் தள்ளினால் முன் கொக்கியும் நடுக் கொக்கியும் சரியாகப் பிடிக்கின்றன. பின் கொக்கி மட்டும் அரைகுறையாக நிற்கிறது. பலம் கொண்ட மட்டும் தள்ளினால்தான் கைப்பிடி கடைசிவரை போகிறது. கைப்பிடியையும் கொக்கிகளையும் இணைக்கும் புஷ் ராட்டின் நீளத்தை மாற்றினால் போதுமா? எத்தனை சுற்று? சனிக்கிழமை வானிலை நன்றாக இருக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிவெட்ராஜா | புதன், இரவு 10:05

எந்த விமானம்? முன்பக்கம் கீல் வைத்துத் தூக்குவதா, பின்னால் நகர்வதா, பக்கவாட்டில் திறப்பதா? நீங்களே கட்டியதா, வாங்கியதா? எப்போதிலிருந்து இப்படி? ஒன்றுமே சொல்லாமல் எத்தனை சுற்று என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது.

கண்ணாடிநார் | புதன், இரவு 10:31

ஒரே கைப்பிடியில் மூன்று கொக்கி என்றால் எனக்கு வீட்டில் கட்டும் லாங்-ஈசி விமானம் மாதிரித் தெரிகிறது. வலப் பக்கம் கீல், இடப் பக்கம் கொக்கிகள். சரியா? அப்படியானால் தயவுசெய்து அவசரப்பட வேண்டாம். ஈசியில் ப்ரொப்பெல்லர் பின்னால் இருக்கிறது. கேனோபியோ அதன் ஒரு துண்டோ கழன்றால் அது பறந்து போகிற வழியிலேயே ப்ரொப்பெல்லர் இருக்கிறது.

கோவைலேத் | வியாழன், காலை 6:12

தம்பி, இது தேய்மானம். முப்பது வருடமாக லேத் ஓட்டுகிறேன், இந்த மாதிரி நூறு பார்த்திருக்கிறேன். கொக்கி சுழலும் போல்ட்டுக்கும் ஓட்டைக்கும் இடையே ஆட்டம் வந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் கால் மில்லிமீட்டர் ஆட்டம் என்றால் கடைசிக் கொக்கிக்குப் போய்ச் சேரும்போது அது ஒரு மில்லிமீட்டராகிவிடும். அதனால்தான் கைப்பிடிக்குத் தூரமான கொக்கி முதலில் தகராறு செய்கிறது. ஓட்டையைப் பெரிதாக்கி உள்ளே வெண்கல புஷ் (குழல் வளையம்) போடு, நட்டுக்கு லாக்டைட் மரைப் பசை இரண்டு சொட்டு விடு. முடிந்தது வேலை.

பழையபறவை | வியாழன், காலை 7:50

இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது என்று எண்ணிப் பார்க்கவே அலுப்பாக இருக்கிறது. புதிதாக வருபவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன்.

புஷ் ராட்டின் நீளம் ஒரு கொக்கிக்கு மட்டும் உரியதல்ல. கைப்பிடியின் இணைப்பு மையக்கோட்டை, அதாவது கைப்பிடியும் ராட்டும் ஒரே நேர்கோட்டில் வரும் நிலையை, தாண்டி விழ வேண்டும். தாண்டிய பிறகு கேனோபி மேலே இழுக்க இழுக்கப் பூட்டு இறுகும். தாண்டவில்லை என்றால் அதே இழுப்பு கைப்பிடியைத் திறக்கும் பக்கம் தள்ளும், இன்ஜின் அதிர்வு மீதி வேலையைச் செய்துவிடும். பின் கொக்கிக்காக ராட்டைத் திருகினால் கைப்பிடி மையத்துக்கு முன்பே நின்றுவிடக்கூடும். மூன்று கொக்கியும் தரையில் அழகாகப் பிடித்திருக்கும், ஆனால் பூட்டு இருக்காது.

சுற்றுக் கணக்கும் கேட்டீர்களே. 10-32 என்ற அளவு மரையில் ஒரு அங்குலத்துக்கு 32 புரி, அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 0.8 மில்லிமீட்டர். ராட் எண்டை (ராட்டின் முனையில் திருகும் இணைப்பை) கழற்றி அரைச் சுற்று திருப்பி மாட்டினால் 0.4. கைப்பிடியில் அது எவ்வளவாகத் தெரிகிறது என்று பார்த்தால் எதைத் தொடுகிறீர்கள் என்பது புரியும். ராட் எண்டில் சிறு துளை இருந்தால் அதற்குள் ஒரு கம்பியை நுழைத்துப் பாருங்கள். கம்பி உள்ளே போனால் மரை போதுமான ஆழம் இறங்கவில்லை.

ரிவெட்ராஜா | வியாழன், காலை 9:20

எனக்கு வெப்பம்தான் காரணம் என்று தோன்றுகிறது. அக்ரிலிக் ஒரு பாகை சூட்டுக்கு மீட்டருக்கு 0.07 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி நார்ச் சட்டம் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஒன்றரை மீட்டர் கேனோபி, 30 பாகை வித்தியாசம் என்று வையுங்கள். அக்ரிலிக் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளப் பார்க்கும், சட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட நீளாது. இரண்டும் ஒட்டியிருப்பதால் சட்டம் வில் மாதிரி வளையும், முனை தூக்கும். வெயிலில் நிறுத்திய விமானத்தில் கோளாறு, குளிர்ந்த ஹேங்கரில் சரி என்றால் இதுதான். நண்பரே, காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை மூடிப் பார்த்துச் சொல்லுங்கள்.

கண்ணாடிநார் | வியாழன், காலை 11:03

கோவைலேத் அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். லாக்டைட் மாதிரியான மரைப் பசை அக்ரிலிக்கில் பட்டால் நுண்விரிசல் விழும். கேனோபிச் சட்டத்தை ஒட்டிய வேலைக்கு அதை நான் சொல்லமாட்டேன். இன்னொன்று, கொக்கியின் போல்ட் சுழலும் போல்ட். சுழலும் இடத்தில் நைலாக் நட்டும் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) ஆகாது, கேசில் நட்டும் (மேலே வெட்டுகள் உள்ளது) அதன் குறுக்கே நுழைக்கும் ஸ்ப்ளிட் பின்னும்தான் போட வேண்டும். புஷ் ராட்டின் முனைக்குச் செக் நட் (இறுக்கிப் பூட்டும் இரண்டாவது நட்), அதன் மேல் ஒரு கோடு அடையாள வர்ணம். கோடு விலகினால் நட் நகர்ந்துவிட்டது என்று பார்த்ததுமே தெரியும்.

கோவைலேத் | வியாழன், மதியம் 1:15

லாக்டைட் போட்டு இருபது வருடமாக ஓடுகிற மிஷின் என் கடையில் இருக்கிறது. ஒரு நட்டும் கழன்றதில்லை.

கண்ணாடிநார் | வியாழன், மதியம் 1:40

அண்ணா, உங்கள் மிஷினில் அக்ரிலிக் இல்லை. பசை கெட்டது என்று நான் சொல்லவில்லை, இந்த இடத்துக்கு ஆகாது என்கிறேன். கேனோபி செய்யும் செலவு உங்களுக்குத் தெரியாததில்லை.

பழையபறவை | வியாழன், மாலை 4:30

பசையா பின்னா என்ற சண்டைக்கே இடமில்லை. லாங்-ஈசி வரைபடம் 1980இல் வந்தது, 1985இல் விற்பனை நின்றது. எந்த இடத்தில் எந்த நட் என்று அதில் போட்டிருக்கிறது. கட்டுபவர்கள் தங்கள் புத்திசாலித்தனத்தைக் காட்டப் போய்த்தான் எல்லா வினையும் வருகிறது. அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் இறந்தது லாங்-ஈசியில்தான். வரைபடத்தில் கால்களுக்கு நடுவே இருக்க வேண்டிய எரிபொருள் வால்வை, கட்டியவர் விமானியின் இடத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார்.

ரிவெட்ராஜா | வியாழன், மாலை 5:12

அதை முழுவதும் வரைபடத்தை மாற்றியதன் கணக்கில் எழுதுவது சரியில்லை. வால்வைத் திருப்ப உடம்பை வளைத்தபோது வலது ரட்டர் (வால் சுக்கானைத் திருப்பும் மிதி) மிதிபட்டு விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்பதுதான் விசாரணையின் முடிவு. எரிபொருளும் குறைவாக இருந்தது. அவர் அந்த விமானத்தை வாங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. மாற்றம் செய்வதே குற்றம் என்றால் வீட்டில் விமானம் கட்டுவதற்கே அர்த்தமில்லை.

பழையபறவை | வியாழன், மாலை 5:40

மாற்றுபவர் அதன் பின்விளைவைச் சோதித்தாரா என்பதுதான் என் கேள்வி. பெரும்பாலும் சோதிப்பதில்லை.

கண்ணாடிநார் | வியாழன், இரவு 8:25

இரண்டு பேரும் மன்னிக்கவும், அந்த விபத்தைக் கேனோபிக் கேள்வியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். பறக்கும்போது கேனோபி திறந்தால் கை தானாக அதைப் பிடிக்கப் போகும். காற்றின் இரைச்சல், தூசி, காகிதங்கள் பறப்பது எல்லாம் ஒரே நொடியில் வரும். கேனோபியைப் பார்த்துத் திரும்பியவர் விமானத்தை விட்டுவிடுகிறார். முதலில் மூக்கின் நிலையையும் வேகத்தையும் பார்க்க வேண்டும், கேனோபி அதற்கு அப்புறம்தான். முதல் ஈசி விமானங்களில் கேனோபியைப் பூட்டாமலே புறப்பட்டவர்கள் இருந்தார்கள். அதனால்தான் ஈசி விமானங்களை வடிவமைத்த ரூட்டன் தனிப் பாதுகாப்புக் கொக்கியையும் எச்சரிக்கை ஒலியையும் வலியுறுத்தினார்.

120 நாட் வேகத்தில் காற்றின் அழுத்தம் சுமார் 2300 பாஸ்கல், சதுர மீட்டருக்கு 230 கிலோ கணக்கு. வளைந்த கேனோபியின் உச்சியில் மேல்நோக்கிய இழுப்பு கிட்டத்தட்ட அந்த அளவுக்கே போகலாம். கையால் பிடித்து மூடுகிற விஷயமில்லை.

வடக்குவானம், உங்களிடம் மூன்று கேள்வி. பாதுகாப்புக் கொக்கி இருக்கிறதா? பிரதான கைப்பிடியைத் திறந்துவிட்டுக் கேனோபியைத் தூக்கினால் அது மட்டும் தனியாகப் பிடித்து நிறுத்துகிறதா? எச்சரிக்கை ஒலியின் மைக்ரோசுவிட்ச் கேனோபிச் சட்டத்தைத் தொடுகிறதா, கைப்பிடியின் பூட்டிய நிலையைத் தொடுகிறதா? சட்டத்தைத் தொட்டால் கேனோபி சும்மா மூடிக் கிடந்தாலே ஒலி நின்றுவிடும், பூட்டாவிட்டாலும்.

வடக்குவானம் | வெள்ளி, இரவு 7:18

வேலைக்குப் போய்விட்டேன், மன்னிக்கவும். லாங்-ஈசிதான். ஒன்டாரியோவில் இருக்கிறேன். கட்டியவர் வேறு ஒருவர், நான் வாங்கி இரண்டு வருடம். வரைபடம் முழுவதும் கைக்கு வரவில்லை, அதனால்தான் இங்கே கேட்டேன். காலையிலும் மதியத்திலும் பார்த்தேன், இரண்டு நேரமும் ஒரே மாதிரிதான். கொக்கிகளில் ஆட்டம் இல்லை. பாதுகாப்புக் கொக்கி இருக்கிறது, சோதித்ததில்லை. போன வருடம் எல்லாம் எந்தத் தகராறும் இல்லை. காற்று உள்ளே வருகிறது என்று போன மாதம் கேனோபி விளிம்பின் ரப்பர் பீடிங் (அடைப்புப் பட்டை) மாற்றினேன், அதற்குப் பிறகு நான்கு முறை பறந்தும் இருக்கிறேன். இப்போது ராட்டை அரைச் சுற்று மாற்றிப் பார்க்கலாமா அண்ணை?

ரிவெட்ராஜா | வெள்ளி, இரவு 7:26

பீடிங்! இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே. பழையது எவ்வளவு தடிப்பு, புதியது எவ்வளவு? என் வெப்பக் கணக்கை விடுங்கள், காலையும் மதியமும் ஒன்றாக இருந்தால் அது இல்லை.

கண்ணாடிநார் | வெள்ளி, இரவு 7:41

ராட்டைத் தொடாதீர்கள். பீடிங் தடிப்பாக இருந்தால் கேனோபி முழுதாக உட்காராது. கொக்கியின் நுனி, அது மாட்டும் உலோகப் பின்னை (pin) சுற்றிப் போகாமல் அதன் மேலேயே முட்டி நிற்கும். நீங்கள் பலமாகத் தள்ளும்போது ராட் வில்லாக வளைந்து கைப்பிடி மட்டும் கடைசிவரை போகும், கொக்கி போகாது. அதாவது கைப்பிடி பூட்டிவிட்டதாகக் காட்டும்.

நாளை இப்படிப் பாருங்கள். பின் கொக்கிப் பக்கம் ஒரு முழம் பீடிங்கை மட்டும் உரித்துவிட்டு மூடுங்கள். மூன்று கொக்கியின் உள்வளைவிலும் லிப்ஸ்டிக்கோ மார்க்கர் மையோ தடவி, பூட்டித் திறந்து, பின்னில் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். வளைவின் அடியில் ஒட்ட வேண்டும், நுனியில் ஒட்டினால் பிடிப்பு இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பூட்டட்டும், வெளியிலிருந்து இன்னொருவர் ராட் வளைகிறதா என்று பார்க்கட்டும். தனியாகச் செய்யாதீர்கள். அந்த நான்கு பறப்பையும் நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

பழையபறவை | வெள்ளி, இரவு 8:02

கண்ணாடிநார் சொன்னது சரி. பாதுகாப்புக் கொக்கியைச் சோதிக்காமல் இரண்டு வருடம் பறந்திருக்கிறீர்கள், அதை முதலில் பாருங்கள். உங்களுக்கு வேண்டிய வரைபடப் பக்கம் எது என்று தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.

கோவைலேத் | வெள்ளி, இரவு 9:10

பீடிங் என்றால் நான் சொன்ன புஷ் வேலை வேண்டாம் தம்பி. ஆனால் ராட் வளைந்து வளைந்து தள்ளுபட்டிருக்கிறது இல்லையா, ஒருமுறை கழற்றி மேசைக் கண்ணாடி மேல் உருட்டிப் பார். நேராக உருண்டால் சரி. தத்தித் தத்தி உருண்டால் மாற்றிவிடு, நிமிர்த்த முயலாதே.

வடக்குவானம் | ஞாயிறு, மாலை 6:55

பீடிங்தான். பழையது 3 மில்லிமீட்டர், நான் போட்டது 6. உரித்ததும் பின் கொக்கி ஒரு விரலால் தள்ளினாலே பிடிக்கிறது. ராட் கண்ணாடி மேல் தத்துகிறது, புதியதுக்குச் சொல்லிவிட்டேன். பாதுகாப்புக் கொக்கியின் ஸ்பிரிங் உடைந்து கிடந்தது. சனிக்கிழமை பறக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ரிவெட்ராஜா | ஞாயிறு, இரவு 8:14

நல்லது. மைக்ரோசுவிட்ச் எதைத் தொடுகிறது என்று பார்த்தீர்களா?

கண்ணாடிநார் | புதன், காலை 7:30

வடக்குவானம், மைக்ரோசுவிட்ச்? புது ராட் மாட்டியதும் கைப்பிடி மையத்தைத் தாண்டுவதை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அது வரும்வரை இந்த இழையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.