அம்மா தனியாக ரொறன்ரோ போகிறார், எந்த வழி நல்லது?

வணக்கம் உறவுகளே. வெள்ளவத்தையில் எங்களோடு இருக்கும் அம்மா ஜூலையில் ரொறன்ரோவில் உள்ள அக்காவிடம் போகிறார். எழுபது தாண்டிவிட்டது. முழங்கால் வருத்தம், இரவில் இன்சுலின்.

கொழும்பிலிருந்து நேரடி விமானம் இல்லை. நேராக அளந்தாலே கிட்டத்தட்ட 14,000 கிலோமீற்றர். டுபாய் வழியென்றால் முதலில் நாலரை மணித்தியாலம், அப்புறம் ஒரே இருப்பில் 14 மணித்தியாலம். அந்த இரண்டாவதுதான் எனக்குப் பயம். லண்டன் வழியென்றால் ஏறக்குறைய 11, பிறகு 8. பாரம் கொஞ்சம் பிரியும், ஆனால் மொத்தப் பறப்பு நேரம் கூடும்.

வயதானவர்களை அனுப்பியவர்கள் சொல்லுங்கள், எது பரவாயில்லை? இடையில் மூன்று மணித்தியாலம் இருந்தால் போதுமா? சக்கர நாற்காலிக்கு டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுவோம். இறங்கியதும் கேட்டிலேயே ஆள் நிற்பாரா, காத்திருக்க வேண்டி வருமா? அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது.

இன்னொன்று, ஜூலையில் ரொறன்ரோ நேரம் நம்மைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். ஊசி நேரத்தை டொக்டரிடம் கேட்டுத்தான் மாற்றுவோம். ஆனால் விமானத்துக்குள் சாப்பாடு பிந்தினால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்? கையில் என்ன கொடுத்துவிட்டீர்கள்? இந்தக் கிழமைக்குள் டிக்கெட் போட வேண்டும், தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.