மறுமொழி: செல் என்வலப் – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். பாக்டீரியா போன்ற செல்களை வெளியே சூழ்ந்திருக்கும் அடுக்குகளின் தொகுப்பை ஆங்கிலத்தில் செல் என்வலப் (cell envelope) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில், நண்பர்கள் எழுதியவற்றுக்கு என் மறுமொழி இது.

> 'செல் உறை' என்றே வைத்துவிடலாமே. எளிமை, எல்லோருக்கும் புரியும்.

எளிமைதான், மறுக்கவில்லை. ஆனால் உறைக்கு ஏற்கெனவே வேலை அதிகம். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பான சர்க்கரைப் படிவத்தைப் பலரும் உறை என்றே எழுதுகிறார்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸ் வெளியேறும்போது ஓம்புயிர்ச் செல்லின் சவ்வில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு போகிறதே, அதுவும் உறைதான். இப்போது செல் என்வலப்பையும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்றினால் 'உறையுள்ள பாக்டீரியா' என்ற தொடருக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். அந்தக் கணக்கில் உறையில்லாத பாக்டீரியா ஏது?

முதலில் பொருளைப் பார்ப்போம். என்வலப் என்பது ஒரு தனி அடுக்கு அல்ல. செல்லின் சவ்வு, அதற்கு வெளியே சுவர் இருந்தால் அது, அதற்கும் வெளியே இன்னொரு சவ்வு இருந்தால் அதுவும், எல்லாம் சேர்ந்த தொகுப்பின் பெயர். நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே வந்தால் முதலில் உட்சவ்வு. அடுத்து, இரண்டு சவ்வுகளுக்கும் நடுவிலுள்ள பெரிபிளாசம், இது காலி இடம் அல்ல, புரதங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் கூழ். அதற்குள்ளேயே சில நானோமீட்டர் தடிமனில் பெப்டிடோகிளைக்கான் (சர்க்கரைச் சங்கிலிகளை அமினோ அமிலங்கள் இணைத்த வலை) சுவர். அதைத் தாண்டினால் வெளிச்சவ்வு. இந்த வெளிச்சவ்வின் இரண்டு முகமும் ஒன்றல்ல: உள்முகம் பாஸ்போலிப்பிடு, வெளிமுகம் பெரும்பாலும் லிப்போபாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரைச் சங்கிலி ஒட்டிய கொழுப்பு. நோயாளிக்குக் காய்ச்சலைக் கிளப்பிவிடும் எண்டோடாக்சின் என்ற நச்சு இந்த வெளிமுகத்துச் சரக்குதான்.

ஈ. கோலை கிராம் எதிர் வகை. கிராம் நேர் வகையில் வெளிச்சவ்வு கிடையாது. அதற்குப் பதில் சுவர் தடிமன், ஏறக்குறைய 20 முதல் 80 நானோமீட்டர் வரை. ஊடே டெய்க்காயிக் அமில இழைகள். 1884-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் சாயமேற்றிப் பிரித்தபோது அவருக்கு இந்த அடுக்குகள் எதுவும் தெரியாது. சாயம் தங்கியதா (கிராம் நேர்), கழுவிக்கொண்டு போனதா (கிராம் எதிர்) என்பதை மட்டுமே அவர் பார்த்தார்.

> அப்படியானால் மொத்தத்தையும் செல் சுவர் என்று சொல்லிவிட்டால் என்ன? பழைய நூல்களில் அப்படியும் உண்டே.

உண்டு. ஆனால் இந்த ஒரு வாக்கியத்தை எழுதிப் பாருங்கள்: 'வான்கோமைசின் சுவர் கட்டப்படுவதைத் தடுக்கும் மருந்து, மூலக்கூறு பெரியது என்பதால் கிராம் எதிர் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைக் கடக்க முடியாமல் சுவரை எட்டாமலே நின்றுவிடுகிறது.' வெளிச்சவ்வும் சுவரின் ஒரு பகுதி என்று வைத்தால், சுவரைத் தொட்ட மருந்து சுவரை எட்டவில்லை என்றாகிவிடும். அப்புறம் மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா இருக்கிறது. அதற்குச் சுவரே இல்லை, சவ்வு மட்டும்தான். பென்சிலின் அதனிடம் செல்லுபடியாகாததும் அதனால்தான். அதன் என்வலப்பைச் 'சுவர்' என்று எப்படி அழைப்பது?

என் கட்சி இது. சவ்வு என்பது எது உள்ளே வரலாம், எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் மெல்லிய கொழுப்புப் படலம். சுவர் என்பது சவ்வுக்கு வெளியே இருந்துகொண்டு செல் உப்பி வெடிக்காமல் தாங்கும் வலைப்பின்னல். இரண்டையும் செய்யும் வேலையை வைத்துப் பிரித்துக்கொண்டால் கட்டுமானப் பொருள் மாறினாலும் பெயர் நிற்கும். தாவரத்தில் செல்லுலோஸ், பூஞ்சையில் கைட்டினும் குளுக்கானும், டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசியில் சிலிக்கா, எல்லாம் சுவரே. யூக்ளினா என்ற ஒற்றைச் செல் உயிரின் பெல்லிக்கிள் (புரதப் பட்டைகளால் ஆன அமைப்பு) மட்டும் இதில் சேராது. அந்தப் புரதப் பட்டைகள் சவ்வுக்கு அடியில் இருக்கின்றன, வெளியில் அல்ல. யூக்ளினாவும் அவற்றை வைத்துக்கொண்டே நெளிந்து வளைகிறது.

ஆக, தொகுப்புக்கு நான் முன்வைக்கும் சொல் 'சூழடுக்கு'. சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் அடுக்கு; வினைத்தொகை. அடுக்கு என்பதால் ஒன்றுக்கு மேற்பட்டதற்கு இடம் தருகிறது, எதனால் ஆனது என்றும் சொல்லிவைக்கவில்லை. மைக்கோபிளாஸ்மாவின் சூழடுக்கு சவ்வு மட்டும், ஈ. கோலையின் சூழடுக்கில் மூன்று பகுதிகள். வாக்கியத்தில் இடறாமல் உட்காருகிறது.

> ஆர்க்கியாவுக்கும் பொருந்துமா?

பொருந்தும், அங்கேதான் நன்றாகவே பொருந்துகிறது. ஆர்க்கியா என்பவை பாக்டீரியா போலத் தோன்றினாலும் தனிப் பிரிவான ஒற்றைச் செல் உயிர்கள். அவற்றில் பெப்டிடோகிளைக்கான் கிடையாது. மீத்தேன் உண்டாக்கும் சிலவற்றில் போலிமியூரின் என்ற வேறு சுவர். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், பெப்டிடோகிளைக்கானை வெட்டும் நொதியான லைசோசைம் அதை வெட்டாது. பலவற்றில் சவ்வுக்கு மேல் படிகம்போல ஒழுங்காக அடுக்கிய புரதத் தட்டு மட்டுமே. சவ்வும் வேறு: கொழுப்புச் சங்கிலிகள் எஸ்டர் என்ற வேதிப் பிணைப்புக்குப் பதில் ஈதர் என்ற வேறு பிணைப்பில் நிற்கின்றன. கொதிக்கும் ஊற்றுகளில் வாழும் சில இனங்களில் இரண்டு பக்கச் சங்கிலிகளும் நடுவில் ஒட்டி ஒரே தாளாகிவிடுகின்றன. ஆகவே சவ்வுக்கு வரையறை எழுதும்போது 'ஈரடுக்கு' என்பதைக் கட்டாயமாக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள்.

> 'மேலோடு' எப்படி?

நத்தை நினைவுக்கு வருகிறது, புவியியல்காரர்களும் சண்டைக்கு வருவார்கள். செல்லா, கலமா, உயிரணுவா என்ற பஞ்சாயத்தையும் இந்த இழையில் தொடங்காமல் இருப்போம். சூழடுக்கு மூன்றோடும் ஒட்டும்.

நியூக்ளியஸைச் சுற்றியிருப்பதையும் ஆங்கிலத்தில் என்வலப் என்கிறார்கள், அதற்காக நாமும் ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அங்கே இருப்பவை இரண்டு சவ்வுகள், நடுவில் சுவர் இல்லை. 'நியூக்ளியஸ் உறை' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, இருக்கட்டும்.

பெரிபிளாசத்துக்குச் 'சவ்விடைவெளி' என்று ஒருவர் எழுதியிருந்தார். சொல் அழகு. ஆனால் மைட்டோகாண்டிரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவிலும் இடைவெளி உண்டு, அதைச் சவ்விடைவெளி என்பதுதான் பொருத்தம். பெரிபிளாசம் இப்போதைக்கு பெரிபிளாசமாகவே இருக்கலாம். நல்ல மாற்று கிடைத்தால் எழுதுங்கள்.