எல்.எல்.ஆர். வாங்கிய அனுபவம்: கடலூரிலிருந்தும் பாகூரிலிருந்தும்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து:

1996ஆம் ஆண்டு, பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நான் பழகுநர் உரிமம் வாங்கினேன். பழகுநர் உரிமம் என்பது படிவத்தில் அச்சிட்டிருக்கும் பெயர்; எங்கள் ஊரில் அன்றும் இன்றும் அது எல்.எல்.ஆர்.தான். எனக்கு அப்போது பதினாறு வயது. பதினெட்டு நிறையாமல் எப்படிக் கிடைத்தது என்று இன்றைய பிள்ளைகள் கேட்கிறார்கள். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில், 50 சிசிக்கு மேற்படாத இரு சக்கர வாகனத்தைப் பதினாறு வயது நிறைந்தவர் ஓட்டலாம் என்று ஓர் இடம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்ததோ டி.வி.எஸ். 50. அதன் எஞ்சின் 49 சிசி. "ஒரு சிசி மிச்சம் இருக்கு, பயப்படாதே" என்று அப்பா அடிக்கடி சொல்வார்.

வயது குறைந்தவருக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. மதிப்பெண் அட்டையில் கையெழுத்திடுவதற்கே இரண்டு நாள் எடுத்துக்கொள்ளும் அப்பா, அந்தச் சம்மதத்தாளில் உடனே கையெழுத்திட்டுவிட்டார். டியூஷனுக்கு என்னைக் கொண்டுவிட்டு மீண்டும் அழைத்துவரும் வேலை தமக்கு மிச்சமாகும் என்ற கணக்கு அவருக்கு இருந்தது என்பதை நான் பிறகுதான் புரிந்துகொண்டேன்.

தேர்வு வாய்மொழியாகவே நடந்தது. மோட்டார் வாகன ஆய்வாளரை எல்லோரும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டே பாதி பயம் எனக்கு. சுவரில் மாட்டியிருந்த சின்னங்களின் அட்டையை அவர் ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் எச்சரிக்கை, சிவப்பு வட்டம் கட்டளை, நீலச் சதுரம் தகவல் என்று முந்தைய இரவு முழுவதும் மனப்பாடம் செய்திருந்ததால் அதுவரை தடுமாறவில்லை. பிறகு, ஆளில்லாத ரயில்வே கேட் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். அன்றாடம் லாரன்ஸ் ரோடு கேட்டில் காத்துக் கிடந்து பழகிய எனக்கு, ஆளில்லாத கேட் ஒன்றைக் கற்பனை செய்யவே முடியவில்லை. "எங்க கேட்ல எப்பவும் ஆள் இருப்பாரு சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். வண்டியை நிறுத்தி, கூட வருபவர் இறங்கிப்போய் இரண்டு பக்கமும் ரயில் வருகிறதா என்று பார்த்துச் சொன்ன பிறகே கடக்க வேண்டும், கூட யாரும் இல்லையென்றால் ஓட்டுபவரே இறங்கிப் பார்க்க வேண்டும் என்று அவரே விளக்கி, என்னையும் ஒரு முறை சொல்லவைத்த பிறகு கையெழுத்திட்டார். அன்று கேட்ட மற்ற கேள்விகளில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. இது மட்டும் மறக்கவில்லை.

எல் போர்டுக்கும் அளவு உண்டு. பதினெட்டு சென்டிமீட்டர் சதுரமான வெள்ளைப் பரப்பில் சிவப்பில் எல் எழுதி, வண்டியின் முன்னும் பின்னும் மாட்ட வேண்டும். அப்பா ஒரு பழைய பிஸ்கட் டின்னின் மூடியை வெட்டி, ஸ்கேல் வைத்து அளந்து, வெள்ளை அடித்து, அது காய்ந்த பிறகு ஜன்னல் கம்பிக்கு வாங்கி மிஞ்சியிருந்த சிவப்பு எனாமலால் எழுதினார். அடிக்கோடு சற்று வழிந்து எல்லுக்கு வால் முளைத்ததுபோல இருந்தது. அந்த வால் தெரியாமல் இருக்க நான் அதைச் சுரண்டப்போய் வெள்ளையும் சேர்ந்து உரிந்துவிட்டது.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடியற்காலையில் பழகினேன். பெடலை மிதித்துத்தான் அந்த வண்டியைக் கிளப்ப வேண்டும்; கிளம்பியவுடன் அப்பா பின்னால் ஏறிக்கொள்வார். எல்.எல்.ஆர். கைக்கு வந்தால் தனியாகப் பறக்கலாம் என்று நினைத்திருந்த எனக்கு, உரிமம் உள்ள ஒருவர் கூடவே இருந்து கற்றுத்தர வேண்டும் என்ற நிபந்தனை பெரிய ஏமாற்றமாக இருந்தது. மூன்றாவது வாரம், அப்பா மதியத் தூக்கத்தில் இருந்தபோது, என் தோழியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் புறப்பட்டேன். வழியில் ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். நான் பெருமையுடன் எல்.எல்.ஆரை எடுத்து நீட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. எல் போர்டைப் பார்த்தார், பிறகு என் தோழியைப் பார்த்தார்.

"ஏம்மா, பின்னாடி உக்காந்திருக்கிறவங்கதான் உனக்குக் கத்துக்குடுக்கிறவங்களா?"

கற்றுத்தருபவரைத் தவிர வேறு யாரையும் எல் போர்டு வண்டியின் பின்னால் ஏற்றக் கூடாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. தோழி இறங்கி நடந்தாள். நானும் அவள் பக்கத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அவர் அபராதம் எதுவும் விதிக்கவில்லை. அப்பா விதித்த அபராதத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இப்போது என் மகளுக்குப் பதினாறு. அவளும் எல்.எல்.ஆர். வேண்டும் என்கிறாள். சட்டத்தில் அந்த இடம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதில் அடங்கும் பெட்ரோல் வண்டியைத்தான் எந்தக் கடையிலும் என்னால் பார்க்க முடியவில்லை; டி.வி.எஸ். 50இன் வாரிசாகிய எக்ஸ்.எல். 100கூட 99.7 சிசி. வீட்டில் நிற்கும் என் ஸ்கூட்டரை அவளிடம் கொடுத்தாலோ, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை உரிமமே கிடையாது. இவ்வளவையும் உட்காரவைத்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தாத்தாவோட வண்டி எங்கம்மா இருக்கு?" என்றாள். அது காயலான் கடைக்குப் போய் வெகு நாளாகிறது.

பாகூரிலிருந்து:

மேலே எழுதிய அக்காவைப் போல எனக்கு வாய்மொழித் தேர்வு இல்லை. பதினெட்டு முடிந்த மறு வாரமே 'சாரதி' இணையதளத்தில் விண்ணப்பித்தேன். ஒரு வகை வண்டிக்கு உரிமக் கட்டணம் 150 ரூபாய், தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். கணினித் திரையில் வந்த கேள்விகளுக்கு அறுபது விழுக்காடு சரியாக விடையளித்தால் தேர்ச்சி. அதில் சொல்ல எதுவும் இல்லை; என் சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

பாகூர் புதுச்சேரியைச் சேர்ந்தது என்றாலும், எங்களுக்குக் கடலூர்தான் பக்கம். துணி எடுக்கவும் மருந்து வாங்கவும் சினிமாவுக்கும் அங்கேதான் போவோம். புதுச்சேரி எல்.எல்.ஆரை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுச் சாலையில் ஓட்டினால் பிடித்துவிடுவார்கள் என்று தெருவில் எல்லோரும் சொன்னதை நம்பி, மாமா என்னை ஓட்டவிட்டுப் பின்னால் அமர்ந்து வரும் நாட்களில், எல்லை வருவதற்கு முன்பே நான் வண்டியை நிறுத்திவிடுவேன். மாமா முன்னால் ஏறிக் கடலூர் வரை ஓட்டுவார். திரும்பும்போதும் அதே இடத்தில் மாறிக்கொள்வோம். இப்படி இரண்டு மாதம் நடந்தது. ஒரு நாள் ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் இருந்த காவலரிடம் மாமாவே நேராகக் கேட்டுவிட்டார். எல்.எல்.ஆர். எந்த மாநிலத்தில் கொடுத்ததாக இருந்தாலும் இந்தியா முழுவதும் செல்லும் என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன்; சட்டத்தின் 13ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. தெருவில் சொன்னவர்களில் ஒருவர்கூட எல்லையில் மாட்டியவர் இல்லை.

இன்னொரு தவறு முழுக்க என்னுடையது. எல்.எல்.ஆர். வாங்கி முப்பது நாள் கழித்து ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். நான் கல்லூரியில் சேரச் சென்னைக்குப் போனவன், பொங்கலுக்கு வந்தபோதுதான் தேதியைப் பார்த்தேன். காலாவதியாகிப் பதினொரு நாள் ஆகியிருந்தது. மறுபடியும் விண்ணப்பம், மறுபடியும் கட்டணம், மறுபடியும் அதே முக்கோணமும் வட்டமும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து:

நான் தகப்பன் என்ற முறையில் எழுதுகிறேன். என் மகன் எல்.எல்.ஆர். வாங்கிய அன்று, அவனுக்கு நானே கற்றுத்தருவதாகச் சொல்லிப் பின் இருக்கையில் அமர்ந்தேன். அவன் வண்டியை எடுக்காமல் திரும்பி, "அப்பா, பின்னாடி உட்கார்றவங்களுக்குச் செல்லுபடியாகிற லைசன்ஸ் இருக்கணுமாம், உங்களுது எப்போ முடியுது?" என்று கேட்டான். பர்ஸில் பல ஆண்டுகளாக உறங்கிய அட்டையை எடுத்துப் பார்த்தேன். ஐம்பது வயதுடன் அது முடிந்திருந்தது. எனக்கு அப்போது ஐம்பத்து மூன்று. முடிந்து ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டால் வெறுமனே புதுப்பித்துத் தரமாட்டார்கள், மீண்டும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும், நாற்பதைக் கடந்தவர் மருத்துவச் சான்றிதழும் வைக்க வேண்டும் என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மகனுக்கு என் தம்பி கற்றுத்தந்தான். நான் அதுவரை மிதிவண்டியில் கடைக்குப் போய்வந்தேன்.

இருவருக்கும் ஒரே காலையில் தேர்வு அமைந்தது. அவன் எட்டை நூல் பிடித்ததுபோலப் போட்டு முடித்தான். முப்பது ஆண்டு வண்டி ஓட்டிய நான், இரண்டாவது வளைவில் காலை ஊன்றிவிட்டேன்.