ஊட்டத்தூர் முதல் அரியலூர் வரை: வரைபடத்தில் இருக்கும் அடுக்கைத் தரையில் தேடும்போது எதிர்ப்படுபவை

மருதையாறு

திருச்சி, பெரம்பலூர், அரியலூர் பக்கம் பாறை அடுக்கு பார்க்கப் போகிறவர்கள் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஏமாறும் இடங்களை இங்கே நாம் நால்வரும் (மருதையாறு, சுத்தியல், ஊட்டத்தூரான், கரிசல்காடு என்ற பெயர்களில்) தொகுக்கலாம். முதலில் அடிப்படை. மேற்கே நைஸ், சார்னோக்கைட் என்ற பழைய உருமாற்றப் பாறைகளின் அடித்தளம். அதன் விளிம்பில் தெரணி வெள்ளைக் களிமண், அதில் இலைப் படிவங்கள். கிழக்கே நகர நகர வயது குறையும்: கல்லக்குடி சுண்ணாம்புக்கல், காரைக் களிமண், கருடமங்கலம் மணற்கல்லும் கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல்லும், சில்லக்குடி மணற்கல், கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல், ஒட்டக்கோவில், கல்லமேடு, கடைசியில் நின்னியூர். அடுக்குகள் பொதுவாகக் கிழக்கு, தென்கிழக்காக மெல்லச் சாய்கின்றன. ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்ற மூன்று பெரும் பிரிவுகளை 1862இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு வகுத்தார். அவை இன்றும் வழக்கில் உள்ளன.

பெயர்க் குழப்பம் தனிக் கதை. பழைய வரைபடத்தில் 'ஊட்டத்தூர்' என்று ஒரே நிறத்தில் இருப்பது புதியதில் இரண்டு மூன்றாகப் பிரிந்திருக்கும். கல்லக்குடியையே பாருங்கள்: 'டால்மியாபுரம்' என்ற பெயரை மாற்றக் கோரி 1953இல் அவ்வளவு பெரிய போராட்டம் நடந்த ஊர். புவியியல் ஏடுகளில் மட்டும் அந்தச் சுண்ணாம்புக்கல் இன்னும் 'டால்மியாபுரம்'தான். இரண்டு வரைபடங்களை ஒப்பிடும் முன் குறிவிளக்கப் பட்டியலில் எது எதற்குச் சமம் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுத்தியல்

டிப், அதாவது அடுக்கின் சாய்வுக் கோணம், அளப்பதில்தான் பெரும்பாலான தவறுகள். இங்கே சாய்வு குறைவு, 5 பாகை அளவில்தான் பேசுகிறோம். அதில் 2 பாகை பிசகினால் என்ன ஆகும் பாருங்கள். 1:50,000 வரைபடத்தில் 2 செ.மீ. அகலப் பட்டை, தரையில் 1,000 மீட்டர். தரை சமமாக இருந்தால் கனம் = அகலம் × சாய்வின் சைன். 5 பாகைக்கு 87 மீட்டர், 3 பாகைக்கு 52, 7 பாகைக்கு 122. ஒரே அடுக்குக்கு இரண்டு பேர் இரண்டு மடங்கு வித்தியாசத்தில் கனம் சொல்வது இப்படித்தான்.

தரையும் அடுக்கு சாயும் பக்கமே 1 பாகை இறங்கினால் அதைக் கழிக்க வேண்டும்: 4 பாகைக்கு 70 மீட்டர். எதிர்ப்பக்கம் இறங்கினால் கூட்ட வேண்டும்.

அளக்கும் முறை: சின்னப் பாறைத் துண்டின் மேல் கிளினோமீட்டரை (சாய்வு அளக்கும் கருவி) வைக்காதீர்கள். ஒரு மீட்டர் நீளப் பலகையை அடுக்குப் பரப்பில் வைத்து, அதன் மேல் கருவியை வையுங்கள். ஐந்தாறு இடத்தில் எடுத்துச் சராசரி போடுங்கள். சில்லக்குடி மணற்கல்லில் குறுக்குப் படிவு இருக்கும். 15, 20 பாகை காட்டும் அந்தச் சாய்கோடுகள் பழைய நீரோட்டம் மணலைத் தள்ளிய திசை, அடுக்கின் சாய்வல்ல. மேலும் கீழும் உள்ள தட்டையான எல்லைகளைத்தான் அளக்க வேண்டும்.

ஊட்டத்தூரான்

காரைக் களிமண் நிலத்தில் இதைவிடப் பெரிய பொறி ஜிப்சம். களிமண்ணுக்குள் பளபளப்பான நார்த் தகடுகளாக, விரல் கனத்தில், வெகுதூரம் தொடர்ந்து போகும். பார்த்தால் அடுக்கு மாதிரியே இருக்கும். அவற்றில் பல, களிமண் படிந்த பிறகு விரிசல்களில் நிரம்பியவை. அடுக்கைக் குறுக்காக வெட்டிப் போகும். அதை அளந்து டிப் என்று எழுதினால் முழுக் குறுக்குவெட்டும் கோணலாகிவிடும். அங்கே நம்பத் தகுந்தது இடையில் வரும் கடினமான மணற்பட்டைகள், இரும்புச்சத்துள்ள செந்நிறப் பட்டைகள். மேற்பரப்பு மழையில் கரைந்து சரிந்திருக்கும், அரை மீட்டராவது வெட்டிப் பார்க்க வேண்டும்.

அங்கே துப்பாக்கி ரவை போலக் கிடக்கும் பெலம்னைட்டுகளை (பழங்காலக் கணவாய் இனத்தின் படிவங்கள்) பொறுக்கி "இங்கே இந்த அடுக்கு" என்று குறிப்பதும் தவறு. உதிரிகள் உருண்டு கீழே போகும், மேலே ஏறாது. சரிவில் எந்த உயரத்துக்கு மேல் அவை காணாமல் போகின்றனவோ அதுதான் எல்லைக்குக் கிட்டத்தட்டச் சரி.

சுத்தியல்

உண்மை. குவாரிச் சுவர் இருந்தால் வேலை எளிது, ஆனால் சுவர் எந்தத் திசையில் போகிறது என்பதைக் குறிக்காமல் சாய்வை எழுதாதீர்கள். அடுக்கு கிழக்கே சாய்ந்தால், வடக்கு–தெற்காகப் போகும் சுவரில் அது படுத்தே கிடக்கும். கிழக்கு–மேற்குச் சுவரில்தான் முழுச் சாய்வும் தெரியும். 45 பாகைக் குறுக்குச் சுவரில் 5 பாகை மூன்றரையாகக் குறையும்.

கரிசல்காடு

கரிசல் மூடிய இடங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வரைபடத்தில் அங்கே எல்லைக்கோடு விட்டுவிட்டு வரையப்பட்டிருக்கும். பார்க்காமல் ஊகித்தது என்று அதற்குப் பொருள். அந்தக் கோட்டை வைத்துக் கிணற்று இடம் குறிக்கக் கூடாது.

கரிசலுக்குள் சுக்கான்கல் கிடக்கும். அமிலம் விட்டால் பொங்கும், உடனே "சுண்ணாம்புக்கல் அடுக்கு" என்று எழுதிவிடுவார்கள். சுக்கான் உருண்டை உருண்டையாக, உள்ளே மண்ணும் மணலும் கலந்து, வேர்த்துளை வழியே கீழே இறங்கியிருக்கும். மண்ணில் ஊறிய நீரிலிருந்து சுண்ணாம்பு படிந்து வந்தது அது. கல்லங்குறிச்சிக் கல்லில் கனத்த சிப்பி ஓடுகள் அடுக்கடுக்காக இருக்கும். உடைத்துப் பார்த்தால் குழப்பமே வராது.

அமிலம்: கடையில் கிடைக்கும் 35 சத ஹைட்ரோகுளோரிக் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டரைப் பங்கு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். ஜிப்சம் பொங்காது, நகத்தால் கீறலாம். டோலமைட் (மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்) தூளாக்கினால்தான் பொங்கும்.

மருதையாறு

கரிசலுக்கு அடியில் பார்க்க ஆழ்துளைக் கிணறுதான் வழி. ஒரே சுண்ணாம்புக்கல்லின் தலையை மூன்று கிணறுகளில் தொட்டிருந்தால் போதும். உதாரணம்: அ கிணற்றில் அது கடல்மட்டத்துக்கு மேல் 80 மீட்டர், ஆ கிணற்றில் 60, இ கிணற்றில் 70. அ–ஆ கோட்டின் நடுப்புள்ளியில் 70 வரும். அதையும் இ–யையும் சேர்த்தால் ஸ்ட்ரைக் கோடு, அதாவது அடுக்கின் மேல் ஒரே உயரத்தில் போகும் கோடு. அதற்கு அ–விலிருந்து செங்குத்துத் தூரம் 115 மீட்டர் என்றால், 10/115, அதாவது 5 பாகை. இறங்கும் பக்கம் ஆ இருக்கும் பக்கம்.

கரிசல்காடு

கணக்கு சரிதான், உயரம்தான் சிக்கல். கைபேசி ஜிபிஎஸ் உயரம் 10 மீட்டர் தவறுவது சாதாரணம், உங்கள் கணக்கில் வரும் வித்தியாசமே அவ்வளவுதான். லெவல் கருவியால் கிணற்று வாயை இணைத்தால் மட்டுமே இது நிற்கும். மூன்று கிணறும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தால் விட்டுவிடுங்கள்.

தூளிலும் கவனம். காற்றழுத்தத்தில் ஊதி வரும் தூள் கொஞ்சம் தாமதமாகத்தான் மேலே வரும், மேல்மண்ணும் சரிந்து கலக்கும். ராடு மாற்றும்போதெல்லாம் துளையை ஊதிச் சுத்தம் செய்தபின் முதலில் வருவதைத் தனிப் பையில் போட்டு, ஆழம் எழுதி, கழுவிப் பாருங்கள்.

ஊட்டத்தூரான்

ஒன்று விட்டுப்போயிற்று. வரைபடத்தில் இளைய நிறம் பழைய நிறத்தை விழுங்கிவிட்டு நேராக நைஸைத் தொடும் இடங்கள் உண்டு. உடனே பிளவு (பாறை உடைந்து நகர்ந்த இடம்) என்று கோடு போடாதீர்கள். எல்லை வளைந்து நெளிந்து, அடியில் நைஸ் கூழாங்கற்கள் பதிந்திருந்தால், கடல் இன்னும் மேற்கே ஏறிப் படிந்தது என்று பொருள். நேர்கோடாக, பாறை நொறுங்கி, கால்சைட் நரம்புகள் ஓடினால்தான் பிளவைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் நைஸில் தெரியும் செங்குத்தான வரிகளை அடுக்கு என்று அளந்து குறிக்காதீர்கள். அவை உருமாற்றத்தில் வந்த இலைவரி. வரைபடத்தில் அதற்குக் குறியே வேறு.