செயலகமே இல்லாத ஜி20-ஐ யார் நடத்துகிறார்கள்?

மாலைவெயில்:
வணக்கம். ஒரு வாரமாக, உலகின் பெரிய பொருளாதார நாடுகள் கூடிப் பேசும் ஜி20 பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன், படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஐ.நா.வுக்கு நியூயார்க்கில் கட்டடம் இருக்கிறது, சாசனம் இருக்கிறது. ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) என்றால் வாஷிங்டனில் தலைமையகம், பங்குக்கு ஏற்ற வாக்கு. ஜி20-க்கு நிரந்தர அலுவலகம் கிடையாது, சொந்த ஊழியர்கள் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாதாம். அப்படியென்றால் கூட்டத்துக்கு அழைப்பு அனுப்புவது யார்? எதைப் பேசுவது என்று முடிவு செய்வது யார்? கடைசியில் வருகிற அந்த நீளமான பிரகடனத்தை எழுதுவது யார்? 2023 டெல்லிப் பிரகடனத்தின் 83 பத்தியைத் தலைவர்களே இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது அல்லவா? பாடப்புத்தகத்தில் உறுப்பு நாடுகளின் பட்டியல் இருக்கிறது, வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்குங்களேன்.

கணக்குநோட்டு:
நல்ல கேள்வி. இதைப் புரிந்துகொள்ள அது பிறந்த கதையிலிருந்து வர வேண்டும். 1997-98-இல் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி இந்தோனேசியா, தென் கொரியா, ரஷ்யா என்று பரவியபோது, ஜி7 எனப்படும் ஏழு பணக்கார நாடுகள் மட்டும் கூடிப் பேசினால் பயனில்லை, அடிபட்ட நாடுகளே அறையில் இல்லாமல் என்ன முடிவெடுப்பது என்பது தெளிவாகிவிட்டது. அதனால் 1999 டிசம்பரில் பெர்லினில் தொழில்வள நாடுகளும் வளர்ந்துவரும் நாடுகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. வந்தவர்கள் நிதியமைச்சர்களும் மத்திய வங்கி ஆளுநர்களும்தான். முதல் தலைவர் கனடாவின் நிதியமைச்சர் பால் மார்ட்டின். கிட்டத்தட்ட ஒன்பது வருடம் அது செய்திகளில் அதிகம் அடிபடாத கூட்டமாகவே நடந்தது. 2008-இல் லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி விழுந்த பிறகுதான், அந்த நவம்பரில், அதிபர்களும் பிரதமர்களும் முதல்முறையாக வாஷிங்டனில் கூடினார்கள்.

இந்த வரலாறு இன்றும் அதன் அமைப்பில் தெரியும். இரண்டு தடங்கள் இருக்கின்றன. ஒன்று நிதித் தடம்: பழைய ஜி20-இன் நேர் வாரிசு, வரி, கடன், வங்கி ஒழுங்குமுறை எல்லாம் அங்கே. இன்னொன்று ஷெர்பா தடம்: ஒவ்வொரு தலைவரும் தன் சார்பில் ஒருவரை நியமிப்பார், அவர்தான் ஷெர்பா. விவசாயம், சுகாதாரம், எரிசக்தி, வேலைவாய்ப்பு, ஊழல் தடுப்பு என்று மற்ற பணிக்குழுக்கள் அவர்களுக்குக் கீழே. மலையுச்சிக்கு ஏறுகிறவருக்கு முன்னே போய் வழி அமைப்பவர் ஷெர்பா, உச்சி மாநாட்டுக்கும் அதே வேலைதான் என்பதால் அந்தப் பெயர்.

அழைப்பு அனுப்புவது, நிகழ்ச்சி நிரல் போடுவது, வரைவு எழுதுவது எல்லாம் அந்த வருடம் தலைமை ஏற்ற நாடு. வழக்கமாக டிசம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை அதன் முறை. நாடுகளை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்குக் குழு சுழற்றுகிறார்கள். உதாரணத்துக்கு இந்தியா, ரஷ்யா, துருக்கி, தென்னாப்பிரிக்கா ஒரே குழு. போன வருடத் தலைமை, இந்த வருடத் தலைமை, அடுத்த வருடத் தலைமை என மூன்றும் சேர்ந்து வழக்கமாக மூவர் குழுவாக இயங்கும், தொடர்ச்சி அறுந்துவிடாமல் இருக்க அதுதான் வழி. புள்ளிவிவரம், ஆய்வறிக்கை போன்றவற்றை ஐ.எம்.எஃப்., உலக வங்கி, ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு) தயாரித்துக் கொடுக்கும்.

வரைவுப்பிரதி:
மேலே சொன்னது சரி. ஆனால் பேனா யார் கையில் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் செயலகம் இல்லாத இடத்தில் அதிகாரம் அந்தப் பேனாவில்தான் இருக்கிறது. தலைமை நாடு முதல் வரைவை அனுப்பும். ஒப்புக்கொள்ளாத சொல்லைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். பன்னாட்டுப் பேச்சுவார்த்தைகளில் இது பழைய வழக்கம். அடைப்புக்குறி விழுந்த சொல் இன்னும் யாருக்கும் சொந்தமில்லை. அப்புறம் மாதக்கணக்கில் வேலை என்பது அந்த அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக நீக்குவதுதான். வாக்கெடுப்பு இல்லாததால் ஒரே ஒரு நாடு மறுத்தாலும் அடைப்புக்குறி போகாது.

2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த நிதியமைச்சர்கள் கூட்டத்தின் ஆவணத்தைத் தேடிப் படியுங்கள். உக்ரைன் போர் பற்றிய 3, 4 பத்திகள் முந்தைய ஆண்டு இந்தோனேசியாவின் பாலியில் தலைவர்கள் வெளியிட்ட பிரகடனத்திலிருந்து எடுக்கப்பட்டவை. பாலியில் ஒப்புக்கொண்ட ரஷ்யாவும் சீனாவும் இங்கே ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் கூட்டறிக்கையே இல்லை, தலைவரின் சுருக்கம் என்ற பெயரில் வெளியிட்டு, இந்த இரண்டு பத்திகளை அவ்விரு நாடுகள் தவிர எல்லாரும் ஏற்றார்கள் என்று ஓர் அடிக்குறிப்பு போட்டார்கள். எனக்கு அந்த ஒரு அடிக்குறிப்பு பல கட்டுரைகளை விட அதிகம் கற்றுக்கொடுத்தது. ஏழு மாதம் கழித்து டெல்லி உச்சி மாநாட்டில் 83 பத்திக்கும் எல்லாரும் சம்மதித்தார்கள், அடிக்குறிப்பு ஒன்று கூட இல்லை. அதற்கு 200 மணி நேரத்துக்கு மேல் பேச்சு, 300 இருதரப்புச் சந்திப்பு, 15 வரைவு தேவைப்பட்டதாக இந்தியாவின் ஷெர்பா அமிதாப் காந்த் அப்போது எழுதினார். அந்தச் சம்மதத்துக்கு விலையும் இருந்தது: பெரும்பாலான உறுப்பினர்கள் போரைக் கடுமையாகக் கண்டிப்பதாகப் பாலியில் இருந்த வரி டெல்லியில் இல்லை. பிற நாட்டு நிலத்தைப் பிடிக்கப் படைபலம் கூடாது என்ற பொதுவான கொள்கை அந்த இடத்துக்கு வந்தது.

தென்கரை:
இதெல்லாம் சரி நண்பர்களே, ஆனால் எழுதியதற்கு யாரையும் கட்டுப்படுத்தும் சக்தி இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். ஐ.எம்.எஃப். பங்கில் 6 சதவீதப் புள்ளிக்கு மேல் வளர்ந்துவரும் நாடுகளுக்கு மாற்றலாம் என்று 2010 நவம்பரில் சியோலில் தலைவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். நடுவில் அத்தனை வருடமும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காகக் காத்திருப்பு. கடன் விஷயம் எனக்கு இன்னும் வலிக்கிறது. 2020 நவம்பரில் ஏழை நாடுகளின் கடனைச் சீரமைக்க ஒரு பொதுக் கட்டமைப்பை ஜி20 அறிவித்தது. அதே மாதம் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியா கடன் தவணை கட்ட முடியாமல் நின்றது. அரசுக் கடன் கொடுத்தவர்களுடன் 630 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தது 2023 ஜூனில்தான், தனியார் கடன்காரர்கள் அதற்கும் பிறகு. அந்த இரண்டரை வருடமும் அங்கே மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும்? சீனாவும், பாரிஸ் கிளப் எனப்படும், கடன் கொடுத்த பணக்கார அரசுகளின் குழுவும் ஒரே கடன் குழுவில் உட்கார்ந்தது பெரிய மாற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வேகம் போதாது.

மாலைவெயில்:
எல்லாருக்கும் மிக்க நன்றி, இப்போதுதான் படம் தெளிவாகிறது. இன்னொன்று கேட்கிறேன். கட்டுப்படுத்தும் சக்தி இல்லை, ஒரு நாடு வரவே மாட்டேன் என்றால் என்ன ஆகும்?

கணக்குநோட்டு:
2025-இல் அதுதான் நடந்தது. ஜோகன்னஸ்பர்க் உச்சி மாநாட்டை அமெரிக்கா புறக்கணித்தது, அர்ஜென்டினா ஒப்புக்கொள்ளவில்லை, மற்றவர்கள் முதல் நாளே பிரகடனத்தை ஏற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவின் சம்மதம் இல்லாததைக் கருத்தொற்றுமை என்று சொல்லலாமா என்ற சண்டை அப்போதே வந்துவிட்டது. சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை, ஏனென்றால் சட்டமே இல்லை. எழுதாத வழக்கத்தில்தான் எல்லாம் ஓடுகிறது.

தென்கரை சொன்ன கோபம் நியாயமானது. இருந்தாலும் 2009 ஏப்ரலில் லண்டனில் ஐ.எம்.எஃப். நிதியை 75,000 கோடி டாலராக, அதாவது மூன்று மடங்காக உயர்த்த ஒத்துக்கொண்டதும் இதே மேசைதான். அப்போது வாக்கெடுப்பும் தண்டனையும் இல்லாமலே நடந்தது, எல்லார் வீட்டிலும் தீ பிடித்திருந்ததால். 2022-இலிருந்து இந்தோனேசியா, இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று தொடர்ந்து நான்கு வருடம் பேனா வளரும் நாடுகள் கையில் இருந்தது, அதில்தான் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு 2023-இல் நிரந்தர இடம் கிடைத்தது. ஜாம்பியா மாதிரி நாடுகளின் கடனைப் பேசும் அறையில் அதுவரை அந்தக் கண்டத்திலிருந்து உறுப்பினராக இருந்தது தென்னாப்பிரிக்கா மட்டும்தான்.